அத்தை நிறுத்திய மாத்திரை

சித்தூரில் இருக்கும் என் அத்தைக்கு வயது 71. ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அந்த ஊரில் மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வாசற்படிக்கு வெளியே தெலுங்கு, உள்ளே தமிழ். தமிழில் அச்சானது எது கையில் கிடைத்தாலும், மளிகைக் கடைப் பொட்டலம் உட்பட, படித்துவிட்டுத்தான் கீழே போடுவார். போன வருடம் மழைக்காலத்தில் பின்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பார்க்கப் போயிருந்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எலும்புல பலமே இல்லையாம்ப்பா. கால்சியம் மாத்திரை சாப்பிடறீங்களான்னு டாக்டர் கேட்டார். நிறுத்தி நாலு மாசம் ஆச்சுன்னேன். யார் நிறுத்தச் சொன்னதுன்னார். பேப்பர்ல போட்டிருந்தாங்க, கால்சியம் அதிகமானா மூளை நரம்பு செத்துப்போகும்னு, அதான்னேன்."

"எந்தப் பேப்பர்ல அத்தே?"

"நீ எழுதினதுதான்."

டாக்டரிடம் மருமகன் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பழைய இதழைத் தேடி எடுத்தேன். நான் பகுதி நேரமாக மொழிபெயர்த்துக் கொடுத்துவந்த ஒரு பத்திரிகை. ஆங்கிலச் செய்தி நிறுவனம் அனுப்பியிருந்த அறிவியல் செய்தி. நரம்பு செல்களுக்கு உள்ளே கால்சியத்தின் அளவு கட்டுப்பாட்டை மீறும்போது செல்கள் சேதமாகின்றன. அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களில் இதற்குப் பங்கு உண்டு என்பது விஷயம். உடலில் 'செல்லுக்குள்ளே' என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். தலைப்பில் இடமில்லை. 'கால்சியம் கூடினால் மறதி நோய்' என்று போட்டுவிட்டேன். 'செல்லுக்குள்' என்ற ஒரு சொல் கத்தரிக்கப்பட்டது. தமிழ் எம்.ஏ.வில் வேற்றுமை உருபுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன் ஏழாம் வேற்றுமையை மறந்த கதை இது.

அத்தை பயந்ததற்குக் காரணம் இருந்தது. மாமாவுக்கு நான்கு வருடங்களாக அல்சைமர். மாதம் ஒரு முறை அவரைத் திருப்பதிக்கு அழைத்துப்போய் நரம்பியல் டாக்டரிடம் காட்டி வருகிறார். சுமார் 70 கிலோமீட்டர் பஸ் பயணம், பாகாலா வருவதற்குள் "எங்கே போறோம்?" என்று மாமா பத்துத் தடவை கேட்டுவிடுவார். தனக்கும் அந்த நோய் வந்துவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது? அந்தத் தலைப்பைப் பார்த்த அன்றே தன் மாத்திரையை நிறுத்தினார். மாமாவுக்கு ராத்திரி கொடுத்துவந்த பாலையும் நிறுத்தினார்.

அவருக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. "ஒரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதறார். இன்னொருத்தர் பிரஷருக்கு எழுதின மாத்திரை கால்சியத்தைத் தடுக்கற மாத்திரையாம், மெடிக்கல் ஷாப் பையன் சொன்னான். ஒருத்தர் ஊத்தறார், ஒருத்தர் அடைக்கிறார். எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் விழித்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு விஷயம் புரியாமலேயே அதை எழுதிவிட முடியும் என்பது இந்தத் தொழிலின் வசதி, ஆபத்தும் அதுதான். அதற்குப் பிறகு படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

தமிழில் கால்சியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்கிறோம். தவறில்லை. மருந்துக் கடைக் கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலும் இருக்கும் கால்சியம் கார்பனேட், வேதியியல்படி சுண்ணாம்புக் கல்தான். ஆனால் இந்தப் பெயர் நம் மனதில் எலும்பையும் பல்லையும் சுவரையும்தான் கொண்டுவருகிறது. எலும்பைப் பொறுத்தவரை அது சரி. வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மீதி ஒரு சதவீதத்தில் ஒரு பகுதி ரத்தத்தில் ஓடுகிறது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் சுமார் எட்டரையிலிருந்து பத்தரை மில்லிகிராம். இந்த அளவை உடல் விடாப்பிடியாகக் காப்பாற்றுகிறது. கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்பக்கம் நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் இதற்கென்றே இருக்கின்றன. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் அவை எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். நிறையச் சாப்பிட்டால் குடல் குறைவாக உறிஞ்சும், சிறுநீர் கொஞ்சத்தை வெளியேற்றும். அத்தை மாத்திரையையும் பாலையும் நிறுத்தியபோது ரத்தத்தில் எதுவும் பெரிதாக மாறியிருக்காது. எலும்பு வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

செல்லுக்குள் நிலைமையே வேறு. நரம்பு செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தோடு ஒப்பிட்டால் உள்ளே தனித்து உலவுவது சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசம் தானாக வந்ததல்ல. உள்ளே கசிவதை வெளியே தள்ளும் பம்புகள் செல்லின் சுவரில் ராப்பகலாக ஓடுகின்றன. செல்லுக்குள்ளேயே ஒரு கிடங்கும் உண்டு. கால்சியத்தை அங்கே பூட்டி வைத்துத் தேவைப்படும்போது கொஞ்சம் திறந்துவிடுவார்கள். இத்தனைக்கும் சக்தி செலவாகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் சாப்பிடுவதற்கு இதுபோன்ற வேலைகளும் காரணம்.

ஏன் இவ்வளவு பாடு? ராயலசீமைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, கீழே வயல். தண்ணீர் வயலுக்கு வேண்டும்தான், ஆனால் மதகு வழியாக, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு. சித்தூர்ப் பக்கத்து கிராமங்களில் இதற்கென்று நீருகண்டி என்று ஒருவர் இருப்பார். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. கரை உடைந்தால் அதே தண்ணீர் பயிரை அழுகடித்துவிடும். நரம்பு செல்லில் மதகு திறந்து ஒரு மடக்குக் கால்சியம் உள்ளே வருவதுதான் செய்தி. அது வந்தால்தான் ஒரு செல் அடுத்த செல்லுக்கு ரசாயனத் தகவலை அனுப்பும். நாம் ஒன்றைக் கற்று நினைவில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான் தொடங்குகிறது. செய்தி வந்ததும் மதகு மூட வேண்டும், வந்த தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும்.

மூடாமல் போனால்? புரதங்களை அறுக்கும் என்சைம்கள் கால்சியத்தால் உசுப்பப்பட்டுச் செல்லின் கட்டுமானத்தையே அறுக்கத் தொடங்குகின்றன. செல்லின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியா, கால்சியத்தைத் தனக்குள் வாங்கி வாங்கி ஓர் அளவுக்கு மேல் வீங்கிச் செயலிழக்கிறது. மின் நிலையம் படுத்தால் பம்புக்குச் சக்தி இல்லை. பம்பு நின்றால் இன்னும் கால்சியம் ஏறும். பக்கவாதத்தில் ரத்தம் தடைபட்ட மூளைப் பகுதியில் இது நிமிடக் கணக்கில் நடந்து முடிகிறது. அல்சைமரிலும் பார்க்கின்சனிலும் வருடக் கணக்கில், சொட்டுச் சொட்டாக நடக்கிறது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

கால்சியத்துக்கு எலும்பைத் தவிர வேறு வேலை உண்டு என்பதே ஒரு கவனக்குறைவால் தெரிய வந்ததுதான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பார்த்துவந்தார். வெறும் உப்பு நீரிலேயே இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று கட்டுரையும் வெளியிட்டார். பிறகுதான் தெரிந்தது, கரைசல் தயாரிக்கப்பட்டது வாலை வடித்த நீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில். லண்டன் குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்தது. சுத்தமான நீரில் செய்து பார்த்தபோது துடிப்பு அடங்கிவிட்டது. 1883இல் தன் முந்தைய கட்டுரையில் நேர்ந்த பிழையைச் சொல்லியே அடுத்த கட்டுரையை அவர் ஆரம்பித்தார். அந்தத் திருத்தத்தால்தான் இன்றும் அவர் பெயர் ஆஸ்பத்திரி சலைன் பாட்டில்களில் இருக்கிறது. எல்லாத் திருத்தங்களுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை.

மூப்படையும் மூளையில் கால்சியக் கட்டுப்பாடு தளர்வதே அல்சைமர் போன்ற நோய்களின் பொதுவழியாக இருக்கலாம் என்று 1980களில் சொன்னவர் அமெரிக்காவின் சாவன் கச்சதூரியன். அப்போது அது ஊகம். 1995இல், நடுத்தர வயதிலேயே பரம்பரையாக அல்சைமர் வரும் குடும்பங்களில் பிரெசெனிலின் என்ற மரபணு பழுதுபட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பழுதுள்ள செல்களில் உள்கிடங்கிலிருந்து கால்சியம் அளவுக்கு மீறி வெளியேறுவது பல சோதனைச்சாலைகளில் காணப்பட்டது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்ட் என்ற புரதத் துணுக்குகளும் செல் சுவரின் மதகுகளைக் கெடுக்கின்றன. கால்சியம்தான் முதல் குற்றவாளியா, அல்லது வேறு ஒருவன் கதவை உடைத்துவிட்டுப் போன வீட்டில் பிடிபட்டவனா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. என் பழைய தலைப்பில் இந்த வழக்குக்குத் தீர்ப்பே வழங்கியிருந்தேன்.

பார்க்கின்சன் கதை இன்னும் சுவாரசியமானது. அந்த நோயில் நடுமூளையில் டோபமின் சுரக்கும் ஒரு சிறு கூட்டம் செல்கள் மட்டும் குறிப்பாகச் சாகின்றன. ஏன் அவை மட்டும்? இந்தச் செல்கள் யாரும் கேட்காமலே, கடிகாரம் போல, ஓயாமல் துடிப்பவை. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியத்தை உள்ளே விட்டு வெளியே இறைக்கின்றன. வாழ்நாள் முழுவதும் இறைத்துக் களைத்துப்போகின்றன என்று சிகாகோவின் ஜேம்ஸ் சர்மியர் குழு 2007இல் வாதிட்டது. அப்படியானால் அந்த மதகை மருந்தால் சற்று மூடி வைத்தால்? ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் இஸ்ரடிபின் என்ற மருந்து அந்த மதகை அடைக்கக்கூடியது. ஆரம்ப நிலை நோயாளிகள் 336 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள். 2020இல் முடிவு வெளியானது: பலன் இல்லை. அழகான விளக்கம் நோயாளியிடம் தோற்பது மருத்துவத்தில் புதிதல்ல. மருந்தின் அளவு போதவில்லை என்கிறார்கள் சிலர். நோய் வெளியே தெரிவதற்குள் பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது என்கிறார்கள் சிலர்.

இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அத்தையின் பிரஷர் மாத்திரை, அம்லோடிபின். அது தடுப்பது சாப்பாட்டுக் கால்சியத்தை அல்ல. ரத்தக் குழாய்ச் சுவரின் தசை செல்களுக்குள் கால்சியம் நுழைவதை. நுழைவது குறைந்தால் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. கால்சியம் மாத்திரை வேலை செய்வது எலும்புக்காக. ஒருவர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார், இன்னொருவர் ஒரு மதகைப் பாதி மூடுகிறார். இரண்டு டாக்டர்களும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

மாமா சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று மெமன்டின். ஐரோப்பாவில் 2002இலும் அமெரிக்காவில் 2003இலும் அனுமதி பெற்றது. மூளையில் குளுடமேட் என்ற ரசாயனம் தட்டினால் திறக்கும் ஒரு கால்சியக் கதவு உண்டு. அது சதா ஒருக்களித்தபடி இருந்தால் ஆபத்து. மெமன்டின் அந்தக் கதவில் தளர்வாகச் சொருகிய ஆப்பு போல: சில்லறைக் கசிவைத் தடுக்கும், நிஜமான செய்தி பலமாக வந்து தட்டினால் விலகி வழிவிடும். நோயை அது நிறுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் அன்றாடக் காரியங்களைக் கொஞ்சம் இலகுவாக்குகிறது. அத்தையின் கணக்கில் அது போன வருடம் மாமா தானாகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்ட சில மாதங்கள்.

சாப்பாடு ஒருபோதும் இந்தக் கதவைத் தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தில் ரேவா பக்கம் பஞ்ச காலங்களில் ஏழைகள் மாதக் கணக்கில் கேசரிப் பருப்பையே சாப்பிட்டுக் கால்கள் விறைத்து முடமானார்கள். அதிலுள்ள நஞ்சை 1964இல் பிரித்தெடுத்தவர்களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா ஆகியோர் உண்டு. அந்த நஞ்சு குளுடமேட்டைப் போல வேடமிட்டுக் கதவைத் தட்டும். கதவு திறக்கும், கால்சியம் வெள்ளமாக ஏறும், நரம்பு செல் சாகும். கவனிக்க வேண்டியது, கேசரிப் பருப்பில் இருக்கும் கால்சியம் அங்கே குற்றவாளி அல்ல. கதவைத் திறந்த கள்ளச்சாவிதான்.

அதே பெங்களூரில் தேசிய உயிரியல் மையத்தின் கெயிட்டி ஹசன், செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவைப் பற்றி 1990களிலிருந்து பழ ஈக்களில் ஆராய்ந்துவருபவர். அந்தக் கதவு பழுதான ஈக்களால் பறக்க முடிவதில்லை என்று அவருடைய குழு கண்டது. இங்கே கோளாறு கால்சியம் கூடியதால் அல்ல, வர வேண்டியது வராததால். மனிதர்களிலும் இதே கதவின் மரபணுவில் ஒரு பகுதி தொலைந்தால் நடை தள்ளாடும் ஒருவகைச் சிறுமூளை நோய் வருகிறது. ஆகவே 'கூடினால்' என்ற என் சொல்லும் பாதிதான் சரி.

தலைப்பு தவறு என்று நிரூபிக்கும் உற்சாகத்தில் எதிர்ப்பக்கத் தகவலை மறைக்கக் கூடாது. 2016இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 70 வயதுக்கு மேற்பட்ட 700 பெண்களை ஐந்து வருடம் கவனித்தார்கள். கால்சியம் மாத்திரை சாப்பிட்ட 98 பேரில் 14 பேருக்கும், சாப்பிடாத 602 பேரில் 45 பேருக்கும் மறதி நோய் வந்தது. ஆனால் இந்த வித்தியாசம் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களிடமும் மூளை ரத்தக் குழாய்ச் சேதம் இருந்தவர்களிடமும்தான் தெரிந்தது, மற்றவர்களிடம் இல்லை. கவனித்துச் சொன்னதே தவிர, மாத்திரையைக் கொடுத்துச் சோதித்ததல்ல. 2025இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு அப்படிக் கொடுத்துப் பார்த்ததன் தொடர்ச்சி: 1,460 மூதாட்டிகள், பாதிப் பேருக்குக் கால்சியம், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, மொத்தம் பதினான்கரை வருடக் கண்காணிப்பு. மறதி நோய் கூடவில்லை. பக்கவாதம் வந்தவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். அத்தைக்கு அது வரவில்லை.

நம் பக்கத்துக் கவலையோ நேர் எதிரானது. திருப்பதியில் 1993இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் இருந்தபோது சி.வி. ஹரிநாராயணும் சக டாக்டர்களும் அந்த வட்டாரத்து நகரவாசிகளையும் கிராமத்தாரையும் பரிசோதித்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்கள் என்று நினைத்தவர்களிடமே சாப்பாட்டில் கால்சியம் மிகக் குறைவு, இருக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சவிடாத தானிய உப்புகள் அதிகம். தலைக்கு மேல் வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி பற்றாக்குறை வேறு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வயது வந்தவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் 10 சொச்சம். ராகி சங்கடி சாப்பிட்டு வளர்ந்த மாவட்டம் அது. 1983இல் என்.டி. ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். வயிறு நிறைந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. களிக்குண்டு தட்டில் சின்னதாகிப்போனதில் அந்த அரிசிக்கும் பங்கு இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நாலு மாதம் மாத்திரை நிறுத்தியதாலா அத்தையின் கை முறிந்தது? திருப்பதி டாக்டரிடம் அடுத்த முறை நானே போய்க் கேட்டேன். "நாலு மாசத்துல எலும்பு கரைஞ்சுடாது. பாசி வழுக்கினதுக்கு நீங்க பொறுப்பில்லை" என்றார். கொஞ்சம் நிம்மதி. "ஆனா நான் கேட்டிருக்காட்டி அவங்க வாழ்நாள் பூரா சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். மாமாவின் ராத்திரிப் பால் அன்றிலிருந்து திரும்ப வந்தது. திரும்பும் பஸ்ஸில் ஏரியையும் மதகையும் வைத்து அத்தைக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இவர் மூளையில கரை உடைஞ்சுபோச்சு, அதானே? அடைக்க ஆள் இன்னும் கிடைக்கலை" என்றார். ஜன்னல் ஓரமிருந்த மாமா, எங்கே போகிறோம் என்று கேட்டார்.

அந்தப் பத்திரிகைக்கு எழுதி ஒரு திருத்தம் போடவைத்தேன். நாலு வரி, உள்பக்கத்தின் அடியில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே. வெட்டி அத்தைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டேன், பார்த்தீர்களா என்று.

"வந்துதுப்பா. எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. கண்ணாடி மாத்தினப்புறம் படிக்கிறேன்."